அக்கா சாப்பிடாத மழைக்காலம்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினாறு வயது. வீட்டில் எல்லாம் இருக்கிறது. பிள்ளைதான் சாப்பிட மாட்டேன் என்கிறது. கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, பார்க்கவே பயமாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மருமகள், "இதெல்லாம் இப்ப வந்த நோயிங்க. ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாள். சுற்றி நின்ற கிழவிகள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் ஆட்டவில்லை.

என் வயதுக்காரிகளே, நம் காலத்தில் சோறு கிடைக்காமல் பட்டினி கிடந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சோறு இருந்தும் அதைத் தொட முடியாமல் கிடந்தவள் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் அக்கா. அதற்கு ஒரு பெயர் உண்டென்று அன்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பெயர் தெரியாத ஒன்றோடு அம்மா மல்லுக்கு நின்றாள், அக்காவும் நின்றாள், இரண்டு பேரும் வென்றார்கள். அதனால் இதை ஒளித்து வைக்க வேண்டியதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே இருந்தது. மழை விட்டு மூட்டம் விலகினால் கீழே ரயில் ஊர்வது தெரியும். மூட்டம் மூடினால் அதன் சத்தம் மட்டும் வரும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே அறை, ஒரு காம்பரா. அதில் அப்பா, அம்மா, அக்கா, நான். பக்கத்துக் காம்பராவில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை. அத்தைக்குப் பிள்ளையில்லை. இடையில் இருந்த சுவர் கூரை வரை எட்டாது. ஆகவே அத்தை அவள் வீட்டில் பேசினால் எங்கள் வீட்டில் பேசியது மாதிரிதான்.

அது தேயிலைக்கு விலை விழுந்திருந்த காலம். வாரத்துக்கு நாலு நாள் வேலை, சில வாரம் மூன்று நாள். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஏற்கெனவே இரண்டு குடும்பத்தைச் சீமைக்கு, அதாவது இந்தியாவுக்கு, கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் நெஞ்சுக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் சாப்பாட்டு நேரத்தில்தான் வாய் வழியாக வெளியே வரும்.

அந்த மாசியில் அக்கா பெரிய பிள்ளையானாள். பதினாலு வயது. பச்சை ஓலை கட்டிய மறைப்புக்குள் அவளைப் பதினாறு நாள் உட்கார வைத்தார்கள். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உளுந்தங்களி, கருப்பட்டி. இல்லாத வீட்டில் எங்கிருந்து வந்ததோ, அத்தைதான் கொண்டுவந்து கொண்டுவந்து ஊட்டினாள். "நல்லாத் தின்னு, இடுப்பு எலும்பு பலக்கணும்" என்பாள். ஓலைக்கு வெளியே நின்று நான் களி வாசனையை மோந்துகொண்டிருப்பேன். அக்கா ஒரு உருண்டையைக் கீழ்வழியாக உருட்டி விடுவாள்.

அதற்குப் பிறகு அக்கா அம்மாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள், மளமளவென்று வளர்ந்தாள். உயரமும் சதையும் சேர்ந்தே வந்தன. அந்த வயதில் எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான். ஆனால் லயத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போனால் ஒரு பேச்சு, மலையில் ஒரு பேச்சு. முன்பு ஊட்டிய அதே அத்தை ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "ஒத்த ஆளு ரெண்டு ஆளு சோத்தத் தின்னா அண்ணன் எங்க போவாரு?"

அக்கா கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். பிறகு எடுத்துச் சாப்பிட்டாள். அன்று சாப்பிட்டாள்.

மடுவத்தில் நடந்தது ஆனி மாதம்.

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அதன் நடு விட்டத்திலிருந்து ஒரு பெரிய கொக்கித் தராசு தொங்கும். வட்ட முகம், உள்ளே முள், சுற்றிலும் எண்கள். பறித்த கொழுந்தைச் சாக்கில் கொட்டிக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஓடி நிற்கும். கணக்கப்பிள்ளை எடையை றாத்தலில் சொல்லி எழுதுவார்; ஒரு றாத்தல் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஈரக் கொழுந்தும் ஈரச் சாக்கும் ஈரப் பெண்களுமாக அங்கே ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் எங்காவது பச்சை இலை கசங்கினால் நான் அந்தக் கொட்டகையில் நிற்பேன்.

அன்று கொட்டு மழை. கொழுந்து அரைக் கூடைகூடத் தேறவில்லை. நிறுக்க ஒன்றுமில்லாமல் கணக்கப்பிள்ளை சலிப்பாக நின்றார். ஊரிலிருந்து புதிதாக வந்த இளவயதுக்காரர்; கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், சிரிக்க ஆசைப்பட்ட மனிதர். அக்கா முறை வந்ததும் அவள் சாக்கைப் பார்த்து, "கொழுந்துதான் இல்ல. ஆளையாவது நிறுப்போமா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு அது போதும். பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி, "ஏறு புள்ள, வெளையாட்டுக்குத்தானே" என்றார்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய இடத்து ஆள் சிரிக்கும்போது நாமும் சிரித்து வைக்கிற சிரிப்பு. அக்கா ஏறி உட்கார்ந்தாள். கால் தரையை விட்டு எழும்பியது. முள் ஓடியது.

"நூத்தி ஒம்பது றாத்தல்! மூணு கூடைக் கொழுந்துடோய்!"

மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி வந்தவள் நான். அக்கா சாக்கிலிருந்து இறங்கும்போது பாவாடை சுருண்டு முழங்கால் தெரிந்தது. அதை இழுத்து விட்டுக்கொண்டு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயர் 'மூணு கூடை'. பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நானும் ஒருமுறை கூப்பிட்டேன். ஒருமுறை என்று சொல்கிறேன், இரண்டு மூன்று இருக்கலாம்.

முதலில் இரவுச் சோற்றைக் குறைத்தாள். "மலையில தின்னது செமிக்கல" என்றாள். பிறகு காலைக் குரக்கன் ரொட்டி, கேழ்வரகில் சுட்டது, எனக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் மடியிலிருந்து எடுத்து என் கையில் வைப்பாள், தேங்காயும் மிளகாயும் அரைத்த சம்பலோடு, இன்னும் சூடாக. "நான் பெறகு திங்கிறேன். அம்மாகிட்டச் சொல்லாத" என்பாள். எனக்கு ஒன்பது வயது, எப்போதும் பசி. சொல்லவில்லை. வேலை குறைந்த அந்த வருடத்தில் எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் இளைத்தார்கள், நான் மட்டும் கன்னம் உப்பினேன். அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் கணக்குத் தெரிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அக்கா முன்னைவிட ஆசையாகச் சமைத்தாள். அம்மாவைத் தள்ளிவிட்டு அவளே அடுப்பில் உட்கார்ந்தாள். பருப்பில் கருவேப்பிலை தாளிப்பாள், கருவாட்டைச் சுட்டு உதிர்ப்பாள், அப்பாவுக்கு அடிச்சோற்றை அள்ளி வைப்பாள். எல்லோரும் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்ப்பாள். அவள் தட்டு நீலக்கரை போட்ட இனாமல் தட்டு, ஒரு பக்கம் சில்லுப் பெயர்ந்தது. அதில் கொஞ்சம் சோற்றைப் பரப்பி, பிசைந்து பிசைந்து, கடைசியில் கொல்லைக்குக் கழுவ எடுத்துப் போவாள். கொல்லையில் அத்தையின் கோழிகள் அவளைக் கண்டால் ஓடி வரும்.

ஆவணியில் அவள் மெலிந்தது தெரிந்தது. என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் புகழ்ந்தார்கள்! "இப்பத்தான் பொண்ணு கணக்கா இருக்கா" என்றாள் அத்தை. மடுவத்தில் கணக்கப்பிள்ளையும், "பரவாயில்லையே, ஒரு கூடை கொறஞ்சிருச்சே" என்றார். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாங்கள் எல்லோருமாக அவளைக் கிணற்றுக்குள் இன்னும் ஒரு படி இறக்கி விட்டோம்.

ஒருநாள் ரொட்டியை வாங்கிக்கொண்டு கேட்டேன், "ஒனக்குப் பசிக்காதாக்கா?"

"பசிக்கும்."

"பெறகு ஏன் திங்க மாட்டேங்கிற?"

வழியில் கிடந்த ஒரு கல்லைக் காலால் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "பசி வந்து நிக்கும். நீ போன்னு சொல்லுவேன். அது போயிரும். இந்தத் தோட்டத்துல நான் சொல்லி வேற எது கேக்குது, சொல்லு?"

எனக்கு விளங்கவில்லை. விளங்க முப்பது வருடம் ஆனது.

புரட்டாசியில் அது வேறு மாதிரி ஆனது. அவள் பின்னலில் கை வைத்தால் முடி கொத்தாக வரும். கையில் பூனை மயிர் மாதிரி மெல்லிய முடி முளைத்தது. எந்நேரமும் குளிர், அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டைப் போட்டு, அதற்கு மேல் கம்பளியைப் போர்த்துவாள். மாதம் மாதம் வர வேண்டியது நின்றுபோனது. அத்தை அதைக் கண்டுபிடித்து அம்மாவின் காதில் என்னவோ சொல்ல, அம்மா அக்காவைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தாள். எதற்கு அடித்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அக்கா அழவேயில்லை, "அப்படி ஒண்ணுமில்லம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இது அம்மாவைப் பற்றி நான் சொல்ல விரும்பாதது. ஆனால் சொல்லாவிட்டால் பிறகு சொல்லப் போவதற்கு மதிப்பில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் பூச்சி மருந்தும் விளக்கெண்ணெயும் கொடுத்தார். பேதியாகி இன்னும் ஒட்டிப்போனாள். அத்தை சொல்லி ஒரு கோடாங்கி வந்தார். மேட்டு மலை முனி பிடித்திருக்கிறது என்று உடுக்கடித்து, வேப்பிலையால் அடித்து, ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போனார். முனி போகவில்லை, சேவல்தான் போனது. கடைசியில் அப்பா. எங்கள் அப்பா சத்தம் போட்டுப் பேசாத மனிதர். ஒரு மத்தியானம் அவள் தாடையைப் பிடித்துச் சோற்று உருண்டையை வாய்க்குள் திணித்தார். "தின்னு. தின்னுன்னு சொல்றேன்ல." அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா கையில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அவளைச் சாப்பிடச் சொல்லவே இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாமல் எல்லோருமே ஏதாவது செய்துகொண்டிருந்தோம்.

ஐப்பசியில் அவள் மலையிலிருந்து விழுந்தாள். சரிவில், கூடையோடு, நின்ற நிலையிலேயே சாய்ந்து தேயிலைக்கு நடுவே உருண்டு, தண்ணீர் ஓடும் கானுக்குள் போய்க் கிடந்தாள். கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்த ஒருவர், "கூடை கனம்கூட இல்ல" என்றார்.

காம்பராவில் படுக்க வைத்தார்கள். நெற்றியில் ரத்தம், விரல் நகமெல்லாம் நீலம். நான் மூலையில் நின்றேன். அவள் செத்துப் போகப் போகிறாள், அவள் சோற்றை எல்லாம் தின்றவள் நான் என்று என் மண்டைக்குள் ஓடியது. அம்மா தண்ணீர் எடுக்க வெளியே போனபோது பின்னாலேயே ஓடிச் சேலையைப் பிடித்தேன்.

"அம்மா, அக்கா ரொட்டியெல்லாம் நாந்தான் தின்னேன்."

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"எப்ப இருந்து?"

"மடுவத்துல அக்காவ நிறுத்தாங்கள்ல. அதுக்கு மறுநாள்ல இருந்து."

பீலித் தண்ணீர் குடம் இல்லாத இடத்தில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. அம்மா கேட்டாள்:

"அன்னைக்கு நானும் சிரிச்சேன், இல்ல?"

"ஆமாம்மா."

குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மடுவத்துக்கு வா" என்றாள். "ஒனக்கு எண்ணு வாசிக்கத் தெரியும்ல?"

தெரியும். எங்கள் வீட்டில் எண் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அம்மாவின் முறை வந்தது. கொழுந்தை நிறுத்து எழுதினார் கணக்கப்பிள்ளை. அம்மா நகரவில்லை. தன் இடுப்புப் படங்கை அவிழ்த்து, நாலு முனையையும் சேர்த்து முடிந்து, கொக்கியில் மாட்டினாள்.

"என்னா செய்யிற?" என்றார் கணக்கப்பிள்ளை.

"என்னையும் நிறுங்க ஐயா."

"வெளையாட்டா?"

"அன்னைக்கு வெளையாட்டுன்னுதானே சொன்னீங்க. இன்னைக்கும் வெளையாடுவோம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கால் தொங்கியது. அம்மாவின் பாதத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. வெடிப்புக்குள் மண்ணும் அட்டைக்கடித் தழும்பும். கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "நீ வாசி."

பெரிய கல்லின் மேல் ஏறி நின்று, முள்ளைப் பார்த்து, என்னால் முடிந்த மட்டும் உரக்கச் சொன்னேன்: "தொண்ணூத்தி ஆறு!"

யாரும் சிரிக்கவில்லை. அம்மா இறங்கினாள். சாக்கு வெறுமனே ஆடியது.

அடுத்து வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தை! வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். "எம்பத்தி எட்டு!" என்றேன். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருத்தி பின் ஒருத்தி. அவரவர் கொழுந்தை நிறுத்த கையோடு அவரவர் ஏறினார்கள். லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு பெரிய உடம்புக்காரி இருந்தாள். அவள் ஏறியபோது விட்டம் கிறீச்சிட்டது. "நூத்தி நாப்பத்தி ரெண்டு!" "எழுதிக்கங்கய்யா," என்றாள் அவள், "அம்புட்டும் மலை ஏறி எறங்கி நானே சேத்தது." அப்போதுதான் பெண்கள் சிரித்தார்கள். ஆனியில் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு. அந்த வித்தியாசம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கே கேட்டது.

கணக்கப்பிள்ளை நோட்டை மூடிக்கொண்டு நின்றார். முகம் கறுத்துவிட்டது. அதற்குள் சத்தம் கேட்டுக் கண்டாக்கு ஐயா வந்துவிட்டார், அவருக்கு மேலே உள்ள அதிகாரி. "என்ன கூத்து இது? பத்துச்சீட்டு வேணுமா ஒங்களுக்கு?" என்றார். பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்திக் கையில் கொடுக்கிற சீட்டு. அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு நடுங்காத ஆள் இல்லை. மடுவம் அடங்கியது.

அம்மா முன்னால் வந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஐயா, எம்மகள இந்தத் தராசுல ஏத்திச் சிரிச்சாங்க. நானும் நின்னு சிரிச்சேன். அன்னையில இருந்து புள்ள சோத்தத் தொடல. நேத்து மலையில விழுந்து கெடந்தா. கொழுந்துக்குத் தராசு வச்சிருக்கீங்க, நல்லது. எங்க புள்ளைங்கள இதுல ஏத்தாதீங்க. இத எனக்காக மட்டும் கேக்கல."

கண்டாக்கு ஐயா கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கொழுந்த மட்டும் நிறு" என்று சொல்லிவிட்டுக் கண்டாக்கு ஐயா குடையை விரித்துக்கொண்டு போனார்.

சீட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. மழை முடியும் வரை அம்மாவை ஆக உயரத்து மலைக்கு, அட்டை நிறைந்த மலைக்கு அனுப்பினார்கள். "மேல நல்ல காத்து" என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான்.

இதோடு அக்கா எழுந்து சாப்பிட்டாள் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். நடந்தது அதுவல்ல. விஷயம் காதில் விழுந்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "ஊருக்கே சொல்லிட்டியா?" என்றாள் அம்மாவிடம். என்னிடம் பேசவே இல்லை. நான் பக்கத்தில் படுத்தால் நகர்ந்து படுத்தாள்.

அம்மா பிறகு செய்ததுதான் பெரிய காரியம் என்று இப்போது நினைக்கிறேன். மடுவத்தில் நின்றது ஒரு சாயங்காலம். இதுவோ நாளுக்கு நாள். முதலில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "இனிமே இந்தக் காம்பராவுல யாரு ஒடம்பப் பத்தியும் யாரும் பேசக் கூடாது. குண்டுன்னும் பேசக் கூடாது, ஒல்லின்னும் பேசக் கூடாது. தின்னாளா, தின்னலையான்னு கேக்கக் கூடாது. தட்டப் பாக்கக் கூடாது." சுவரின் மேலே பார்த்து, "அந்தப் பக்கத்துக்கும் சேத்துத்தான்" என்றாள். சுவரின் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை.

மருந்துக்காரர் கஞ்சியும் பாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சித் தண்ணீரும் உப்பும் வைப்பாள்; தனக்கும் ஒரு சிரட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ரயிலைப் பற்றியோ அட்டையைப் பற்றியோ பேசிக்கொண்டே குடிப்பாள். அக்கா குடிக்காவிட்டால் எடுத்துப் போவாள். ஒரு சொல் கிடையாது. அடுத்த வேளை மறுபடி இரண்டு சிரட்டை.

முதலில் வழி திறந்தது எங்களில் யாருமில்லை. கீழ்க் கிராமத்திலிருந்து பலாக்காயும் கீரையும் கொண்டுவந்து விற்கும் ஒரு சிங்கள அம்மா இருந்தாள். அக்கா படுத்திருப்பதைக் கேள்விப்பட்டு, ஒரு சட்டியில் இலைச்சாறு விட்ட பச்சைக் கஞ்சியும் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொண்டுவந்தாள். அவளுக்கு மூணு கூடையும் தெரியாது, முனியும் தெரியாது. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, "பொட்டக் பொன்ன துவே" என்றாள். கொஞ்சம் குடி மகளே என்று அர்த்தம். வந்த மனுஷியின் முகத்தை முறிக்க முடியாமல் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மூன்று மடக்குக் குடித்தாள். கண்ணில் நீர் நின்றது. ஒவ்வொரு மடக்கும் அவளுக்கு முள் விழுங்குவது மாதிரி இருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் விழுங்கினாள். சாப்பிடாமல் இருப்பதற்குத் தைரியம் வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். சாப்பிடுவதற்கு அதைவிடப் பெரிய தைரியம் வேண்டியிருந்தது. அது அவளிடம் இருந்தது.

பிறகு ஒருநாள் ஆறு மடக்கு. ஒருநாள் ஒன்றுமேயில்லை. மறுபடி மூன்று. கார்த்திகையில் ஒரு தடவை மறுபடி கோழிகளுக்குப் போட்டாள். அம்மா பார்த்தாள், பேசவில்லை. மார்கழியில் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "தலைய இப்படியா வாருவ?" என்று என்னை இழுத்து உட்கார வைத்துப் பின்னி விட்டாள். அத்தோடு எங்கள் பேச்சு திரும்பியது. எதற்காகப் பேசாமல் இருந்தோம் என்று இரண்டு பேருமே கடைசி வரை பேசவில்லை.

அந்த மழைக்காலம் அவளை முழுதாக விட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பல் சீக்கிரமே ஆடிப் போனது. நாற்பது வயதில் வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. எலும்பில் வலுவில்லை என்றார்கள். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரும் முன் ஒரு கணம் தயங்குவாள். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் மலை ஏறினாள், மூன்று பிள்ளை பெற்று வளர்த்தாள். எங்கள் மடுவத்தில் பிறகு ஒருநாளும் ஆளை நிறுத்ததில்லை. லயத்தில் எந்தப் பிள்ளையாவது சோறு வேண்டாமென்று முகம் திருப்பினால் தாய்மார்கள் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். என் அக்கா இப்படிப்பட்டவள் என்று நான் சொல்லிக்கொள்ளாத இடமில்லை.

அதெல்லாம் பின்னால் வந்தது. அந்த வருடத்துத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை ஓய்ந்து மலையெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. அத்தையும் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் யார் தட்டையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் எங்களுக்கு அது பழகிவிட்டது.

"அம்மா," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் சோறு வை."

அப்பாவின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. நான் மெல்லுவதை நிறுத்தினேன். அம்மா பானைக்குள் அகப்பையை விட்டு, எங்கள் எல்லோருக்கும் எப்படி வைப்பாளோ அப்படியே, கூடவுமில்லை குறையவுமில்லை, ஒரு அகப்பை சோறு வைத்தாள். குழம்பை ஊற்றினாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா எழுந்து, கொல்லையில் கை கழுவுகிற மாதிரி வெளியே போனார். அவர் இன்னும் பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அத்தைதான் பாவம். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். ஏதாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது அவளுக்கு. கடைசியில் வாசல் பக்கம் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"மழ வரும் போல இருக்கு."

வெளியே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஆமாங்கத்த" என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்துகொண்டே.